பவளத் தொட்டியில் கால்சியம் பேணுதல்

பவளத் தொட்டியில் கால்சியம் பேணுதல் என்பது, வீட்டில் அமைக்கப்படும் கடல்நீர்த் தொட்டிகளில் வளரும் கல் பவளங்கள் தம் எலும்புக்கூட்டைக் கட்டுவதற்காக நீரிலிருந்து எடுத்துக்கொள்ளும் கால்சியத்தையும், அதனுடன் சேர்ந்து குறையும் கார்பனேட்டுகளையும் தொடர்ந்து ஈடுசெய்யும் செயல்முறை ஆகும். பவளங்கள் இலங்கைத் தமிழில் முருகைக்கற்கள் என்று அழைக்கப்படுகின்றன. கடலில் நீர் எல்லையற்றது. ஆற்று நீரும் பாறைக் கரைசலும் அதன் கால்சியத்தை மாறாமல் வைத்திருக்கின்றன. சில நூறு லிட்டர் நீரே உள்ள தொட்டியிலோ, நன்கு வளரும் பவளங்கள் சில நாட்களிலேயே நீரின் வேதியியலை மாற்றிவிடும்.

இச்செயல்முறையின் பெயரில் கால்சியம் முன்னிற்பினும், நடைமுறையில் முதலில் தீர்ந்துபோவது கால்சியம் அன்று, காரத்தன்மையே ஆகும். இவ்விரண்டையும் ஒரே இணையாகக் கருதாமல் கால்சியத்தை மட்டும் கூட்ட முயல்வதே புதியவர்களின் தொட்டிகளில் பவளங்கள் மடிவதற்கு ஒரு முதன்மைக் காரணமாக உள்ளது.

வேதியியல் பின்னணி

உவர்ப்பியம் 35 உள்ள இயல்பான கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 420 மில்லிகிராம் கால்சியமும், 1300 மில்லிகிராம் அளவில் மக்னீசியமும் உள்ளன. இவை எளிதில் விளங்கும் அளவுகள். மூன்றாவதாகிய காரத்தன்மைக்குச் சற்று விளக்கம் தேவை.

காரத்தன்மை என்பது நீரின் பி.எச். மதிப்பு அன்று. ஒரு லிட்டர் நீர் எவ்வளவு அமிலத்தை நடுநிலையாக்க வல்லது என்பதன் அளவே காரத்தன்மை. கடல்நீரில் இவ்வாற்றலின் பெரும்பகுதி பைகார்பனேட்டு, கார்பனேட்டு ஆகிய அயனிகளால் அமைகிறது. எனவே பவளத்திற்குக் கிடைக்கக்கூடிய கார்பனேட்டின் அளவுகோலாகக் காரத்தன்மை பயன்படுகிறது. கடல்நீரில் இது லிட்டருக்கு 2.3 முதல் 2.5 மில்லிச்சமானம் வரை இருக்கும். தொட்டி வளர்ப்போர் பெரும்பாலும் 'டிகேஎச்' எனப்படும் ஜெர்மன் கார்பனேட்டுக் கடின அளவையே கையாளுகின்றனர். ஒரு மில்லிச்சமானம் 2.8 டிகேஎச்சுக்குச் சமம். ஆகவே கடல்நீரின் காரத்தன்மை ஏறத்தாழ 7 டிகேஎச் ஆகும்.

பவளம் எலும்புக்கூட்டைக் கட்டும்போது நிகழும் வினையைச் சுருக்கமாகப் பின்வருமாறு எழுதலாம்.

ஒரு கால்சியம் அயனி + இரண்டு பைகார்பனேட்டு அயனிகள் → கால்சியம் கார்பனேட்டு + கார்பன் டைஆக்சைடு + நீர்

இவ்வினையில் இருந்து மாறாத ஒரு விகிதம் கிடைக்கிறது. ஒவ்வொரு 20 மில்லிகிராம் கால்சியம் நீரை விட்டு நீங்கும்போதும் ஒரு மில்லிச்சமானம், அதாவது 2.8 டிகேஎச், காரத்தன்மை நீங்குகிறது. பவளத்தின் இனம் எதுவாயினும், தொட்டியின் அளவு எதுவாயினும் இவ்விகிதம் பெரிதாக மாறுவதில்லை.

இப்பொழுது இரு கையிருப்புகளையும் ஒப்பிடலாம். கடல்நீரின் 2.5 மில்லிச்சமானம் காரத்தன்மை முழுவதும் தீர்ந்தாலும் அதனுடன் நீங்கும் கால்சியம் 50 மில்லிகிராம் மட்டுமே. கால்சியம் 420இலிருந்து 370 ஆகக் குறைந்திருக்கும், காரத்தன்மை சுழியமாகியிருக்கும். உண்மையில் அந்நிலை வருவதற்கு வெகு முன்னரே பவளங்கள் வளர்ச்சியை நிறுத்திவிடும். பெரிய பானையில் அரிசியும் சிறு குவளையில் பருப்பும் வைத்துக்கொண்டு பொங்கல் சமைப்பதைப் போன்றது இது. பானையில் எவ்வளவு அரிசி இருக்கிறது என்று நாள்தோறும் எட்டிப் பார்ப்பதால் பயனில்லை.

நீரில் மக்னீசியம் இருப்பதன் பயன் வேறு வகையானது. வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பு நீரில் கால்சியம் கார்பனேட்டு அதன் கரைதிறனை விஞ்சிய அளவில், அதாவது மீதெவிட்டிய நிலையில், உள்ளது. இருந்தும் அது தானே வீழ்படிவாவதில்லை. உருவாகத் தொடங்கும் படிகங்களின் மேற்பரப்பில் மக்னீசியம் புகுந்து அவற்றின் வளர்ச்சியைத் தடுப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். மக்னீசியம் மிகவும் குறைந்த தொட்டிகளில் எவ்வளவு கால்சியமும் காரமும் சேர்த்தாலும் அளவு உயராமல் போவதுண்டு. சேர்த்தவை பவளத்தைச் சேராமல் இறைப்பிகளின் மீதும் சூடேற்றிகளின் மீதும் வெண்படிவாகிவிடுவதே காரணம். கால்சியம் கார்பனேட்டு வெப்பம் கூடும்போது குறைவாகக் கரையும் இயல்புடையது என்பதால் சூடேற்றியில்தான் இப்படிவு முதலில் தென்படும்.

பவளம் எலும்புக்கூடு கட்டும் முறை

கல் பவளங்களின் எலும்புக்கூடு, கால்சியம் கார்பனேட்டின் படிக வடிவங்களுள் ஒன்றாகிய அரகோனைட்டால் ஆனது. பாலிப்பின் அடிப்புறத்தில் உள்ள மெல்லிய செல் அடுக்கு கால்சியத்தை எலும்புக்கூட்டுப் பக்கம் செலுத்தி, அங்கிருந்து ஐதரசன் அயனிகளை வெளியேற்றுகிறது. இதனால் அச்சிறு இடைவெளியில் பி.எச். மதிப்பு சுற்றியுள்ள நீரைவிட உயர்ந்து, அரகோனைட்டு படிகிறது. இதற்கு ஆற்றல் தேவை. அவ்வாற்றலின் பெரும்பங்கு பவளத்தின் திசுவுக்குள் வாழும் சூசாந்தெல்லே என்னும் நுண்பாசிகளின் ஒளிச்சேர்க்கையில் இருந்து கிடைக்கிறது. பல இனங்களில் பகலொளியில் எலும்புக்கூடு வளரும் வேகம் இருளில் உள்ளதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு ஆகும்.

தொட்டிக்கு இதனால் விளையும் பயன் நேரடியானது. விளக்கின் ஒளியைக் கூட்டினால் கால்சியத் தேவையும் கூடும். கிளைப் பவளமாகிய அக்ரோபோரா அதிகம் எடுத்துக்கொள்ளும். தோல் பவளம் முதலிய மென் பவளங்களுக்குச் சிறு முட்கள் போன்ற துணுக்குகளே உள்ளமையால் அவற்றின் தேவை மிகக் குறைவு. பவளங்கள் மட்டுமின்றிப் பாறைகளில் ஊதா நிறத்தில் படரும் சுண்ணப் பாசிகள், பெருஞ்சிப்பிகள், குழாய்ப் புழுக்கள் ஆகியனவும் அதே கையிருப்பில் இருந்தே எடுக்கின்றன. பவளமே இல்லாத தொட்டியிலும் சில வேளை காரத்தன்மை குறைவதன் காரணம் இதுவே.

அரிசோனாவில் உள்ள பயோசுபியர் 2 என்னும் மூடிய ஆய்வுக்கூடத்தில் ஏறத்தாழ 2650 கன மீட்டர் நீர் கொண்ட செயற்கைக் கடல் ஒன்று இருந்தது. கிறிசு லாங்டனும் அவருடைய குழுவினரும் அதில் 1990களில் நீரின் வேதியியலைத் திட்டமிட்டு மாற்றிப் பவளச் சமூகத்தின் சுண்ணமாதலை அளந்தனர். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவின்படி, சுண்ணமாதல் அரகோனைட்டின் தெவிட்டு நிலையைப் பின்பற்றுகிறது. தெவிட்டு நிலை என்பது கால்சியத்தின் செறிவையும் கார்பனேட்டின் செறிவையும் பெருக்கி வரும் மதிப்பைச் சார்ந்தது. கடல் அமிலமாதலால் பவளப்பாறைகளுக்கு ஏற்படும் தீங்கும் இதே பெருக்கற்பலனில் கார்பனேட்டுப் பக்கம் குறைவதால் வருவதே. கடலில் கால்சியம் குறைவதில்லை.

தேவையைக் கணக்கிடுதல்

கல் பவளங்கள் நன்கு வளர்ந்த 200 லிட்டர் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். எதையும் சேர்க்காமல் விட்டால் அதன் காரத்தன்மை ஒரு நாளில் 8இலிருந்து 7 டிகேஎச்சாகக் குறைகிறது எனக் கொள்வோம். இது வழக்கத்திற்கு மாறான அளவு அன்று.

ஒரு டிகேஎச் 0.357 மில்லிச்சமானம். 200 லிட்டருக்கு இது 71 மில்லிச்சமானம் ஆகும். இதற்கு இணையான கால்சியம் 1.43 கிராம். உருவான கால்சியம் கார்பனேட்டு ஏறத்தாழ 3.6 கிராம். ஆண்டுக் கணக்கில் இத்தொட்டி 1.3 கிலோகிராம் எலும்புக்கூட்டை உருவாக்குகிறது. தொட்டி நீர் முழுவதிலும் உள்ள கால்சியமோ 84 கிராம் மட்டுமே. வெறும் கணக்கின்படி இது இரண்டு மாதத் தேவைக்குக்கூடப் போதாது.

இதே எடுத்துக்காட்டில் கால்சியத்தின் செறிவு ஒரு நாளில் 7 மில்லிகிராம் மட்டுமே குறைந்திருக்கும். வீடுகளில் பயன்படும் கால்சியச் சோதனைகளின் பிழை எல்லை 10 முதல் 20 மில்லிகிராம் வரை இருப்பதால், இக்குறைவு சோதனையில் தென்படவே படாது. காரத்தன்மையில் அதே குறைவு எட்டில் ஒரு பங்கு, எளிதில் தெரியும். ஆகவே அன்றாடத் தேவையைக் காரத்தன்மையைக் கொண்டு அளந்து, கால்சியத்தை வாரத்திற்கு ஒரு முறையோ இரு வாரத்திற்கு ஒரு முறையோ சரிபார்ப்பதே முறையான வழி.

பொதுவாகக் கால்சியம் 380 முதல் 450 மில்லிகிராம், காரத்தன்மை 7 முதல் 11 டிகேஎச், மக்னீசியம் 1250 முதல் 1350 மில்லிகிராம், பி.எச். 7.8 முதல் 8.5 என்னும் எல்லைகள் கடைப்பிடிக்கப்படுகின்றன. இவ்வெல்லைக்குள் எந்த எண்ணைத் தேர்கிறோம் என்பதைவிட, தேர்ந்த எண் நாளுக்கு நாள் அலையாமல் இருப்பதே பவளத்திற்கு முக்கியம். கால்சியத்தை 500க்கு மேல் உயர்த்துவதால் வளர்ச்சி அதற்கேற்பக் கூடுவதில்லை. அதற்காகும் செலவு பெரும்பாலும் வீணே.

அளவீடு

கால்சியச் சோதனை ஒரு தரம் பார்த்தல் ஆகும். நீரில் காரம் சேர்த்து மக்னீசியத்தை ஒதுக்கியபின், நிறங்காட்டி இட்டு, ஈடிடிஏ கரைசலைத் துளித் துளியாகச் சேர்க்க, இளஞ்சிவப்பு நிறம் நீலமாக மாறும். காரத்தன்மைச் சோதனையில் அமிலம் சேர்க்கப்படுகிறது, பி.எச். 4.5ஐ நெருங்கும்போது நிறம் மாறும். பள்ளி ஆய்வகத்தில் பியூரெட்டுடன் செய்யப்படும் அதே பயிற்சி, இங்கு ஊசியில்லாத மருந்துக் குழலால் செய்யப்படுகிறது. 2010களில் இருந்து, தொட்டி நீரை அஞ்சலில் பெற்று ஐசிபி நிறமாலைமானியால் பல தனிமங்களையும் அளந்து தரும் ஆய்வகங்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ளன. எனினும் அம்முடிவு வந்து சேரும்போது தொட்டியின் காரத்தன்மை வேறாகியிருக்கும். அன்றாடச் சோதனைக்கு அது மாற்றாகாது.

எந்தச் சோதனைக்கும் முன்னர் உவர்ப்பியத்தை அளத்தல் வேண்டும். உவர்ப்பியம் 32ஆகத் தாழ்ந்த தொட்டியில், பவளம் எதையும் எடுக்காவிடினும், கால்சியம் 384 என்றே காட்டும். அங்குக் குறைவது கால்சியம் அன்று, உப்பு. உவர்ப்பியமானியைச் சரிபார்க்காமல் கால்சியம் குளோரைடை வாங்குவோர் பலர்.

ஈடுசெய்யும் முறைகள்

நீர் மாற்றுதல்

மென் பவளங்கள் மட்டும் உள்ள தொட்டிக்கு வாரம் பத்து விழுக்காடு நீரை மாற்றினாலே போதும். மேற்கண்ட எடுத்துக்காட்டுத் தொட்டிக்கு இது போதாது. அங்கு வாரத்திற்கு 50 மில்லிகிராம் கால்சியமும் 7 டிகேஎச் காரத்தன்மையும் செலவாகின்றன. பத்தில் ஒரு பங்கு புதிய நீர், பழைய நீரில் உள்ள குறையில் பத்தில் ஒரு பங்கை மட்டுமே நிரப்பும்.

சுண்ணாம்புத் தெளிநீர்

கால்சியம் ஹைட்ராக்சைடைத் தூய நீரில் கலக்கி, தெளிந்த மேல்நீரை மட்டும் தொட்டிக்குள் சொட்டுச் சொட்டாக விடுவதே இம்முறை. ஜெர்மன் மொழியில் இதற்குக் கால்க்வாசர் என்று பெயர். பொருள் சுண்ணாம்பு நீர் என்பதே. பிற நாட்டுத் தொட்டி வளர்ப்போரும் இச்சொல்லை அப்படியே வழங்குகின்றனர்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1960கள் வரை ஐரோப்பிய வீடுகளின் கடல்நீர்த் தொட்டிகளில் பவளம் என்பது வெளுத்த எலும்புக்கூடாக, மீன்களுக்குப் பின்னணி அலங்காரமாகவே இருந்தது. சகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், உயிருள்ள பாறைகளையும் காற்றுக் குமிழிகளையும் இயற்கை ஒளியையும் மட்டும் கொண்டு பவளங்களை வளர்க்கும் முறையை 1960களின் தொடக்கத்தில் எழுதினார். கடலருகில் வாழ்ந்த அவருக்குப் புதிய கடல்நீர் தடையின்றிக் கிடைத்தது. கடலில் இருந்து தொலைவில் இருந்த ஐரோப்பியர்களுக்கு அது இயலவில்லை. 1970களில் பீட்டர் வில்கென்சு சுண்ணாம்பு நீரைச் சேர்க்கும் வழக்கத்தைப் பரப்பினார். உயிர்ப்பாறை, புரத நுரை நீக்கி, வலிய விளக்கு, சுண்ணாம்பு நீர் ஆகிய நான்கும் சேர்ந்து பின்னர் பெர்லின் முறை என்று அறியப்பட்டன. பெர்லின் நகரத் தொட்டி வளர்ப்பாளர் தீட்ரிச் சுடூபர் வளர்த்த அக்ரோபோராவின் துண்டுகள் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் சென்று பல தொட்டிகளில் வளர்ந்தன. டெல்பீக், சுப்ரங் ஆகிய இருவர் எழுதி 1994இல் முதல் தொகுதி வெளிவந்த பவளத் தொட்டி நூல் இம்முறைகளை ஆங்கிலம் படிப்போரிடம் கொண்டு சேர்த்தது.

இம்முறையின் சிறப்பு அதன் எளிமை. கால்சியம் ஹைட்ராக்சைடில் ஒரு கால்சியத்திற்கு இரண்டு ஹைட்ராக்சைடு அயனிகள் உள்ளன. இவை நீரில் கரைந்துள்ள கார்பன் டைஆக்சைடுடன் சேர்ந்து பைகார்பனேட்டாகின்றன. எனவே கால்சியமும் காரத்தன்மையும் பவளம் எடுக்கும் அதே விகிதத்தில் திரும்பக் கிடைக்கின்றன. வேறு உப்பு எதுவும் எஞ்சுவதில்லை.

இதன் வரம்பு கரைதிறன். ஒரு லிட்டர் நீரில் 1.5 கிராமுக்குச் சற்று மேல் மட்டுமே கரையும். தெவிட்டிய கரைசல் லிட்டருக்கு ஏறத்தாழ 800 மில்லிகிராம் கால்சியமும் 40 மில்லிச்சமானம் காரத்தன்மையும் தரும். எடுத்துக்காட்டுத் தொட்டியின் 71 மில்லிச்சமானத்திற்கு நாளொன்றுக்கு 1.75 லிட்டர் தேவை. இந்த அளவு நீரைத் தொட்டியில் சேர்க்க இடம் வேண்டுமென்றால் அந்த அளவு நீர் ஆவியாகியிருக்க வேண்டும். வழக்கமாக ஆவியாகும் நீருக்கு மாற்றாகத் தூய நீருக்குப் பதில் சுண்ணாம்பு நீர் விடப்படுவதால், ஆவியாதலே இம்முறையின் மேல் எல்லையை வகுக்கிறது. பவளங்கள் வளர்ந்து தேவை இரு மடங்காகும்போது வேறு முறையைத் துணைக்கு அழைக்க நேரிடும்.

தெவிட்டிய சுண்ணாம்பு நீரின் பி.எச். 12.4 அளவில் இருக்கும். ஆகவே அது மெதுவாக, நீரோட்டம் மிகுந்த இடத்தில், இயன்றவரை இரவில் விடப்பட வேண்டும். இரவில் ஒளிச்சேர்க்கை நின்று கார்பன் டைஆக்சைடு கூடுவதால் தொட்டியின் பி.எச். தாழ்ந்திருக்கும், சுண்ணாம்பு நீர் அத்தாழ்வை ஈடுசெய்யும். மிதவை அடைப்பான் சிக்கிக்கொண்டு ஒரே இரவில் கலம் முழுவதும் தொட்டிக்குள் இறங்குவதே இம்முறையில் நேரும் பெரு விபத்து. நீர் பால் போல் வெளுத்து, பி.எச். ஏறி, மீன்கள் மூச்சுத்திணறும். அந்நிலையில் பி.எச்.சை அளந்துகொண்டே வெள்ளை வினிகரையோ இனிப்பில்லாத சோடா நீரையோ சிறிது சிறிதாகச் சேர்ப்பது வழக்கம். விபத்தைத் தவிர்க்க, ஒரு நாள் தேவைக்கு மேல் கரைசலைக் கலத்தில் வைக்காமலிருப்பது எந்த மின்னணுக் கட்டுப்பாட்டையும்விட நம்பகமானது.

சுண்ணாம்பு நீரைத் திறந்து வைத்தால் மேலே வெண்ணிற ஆடை படியும். மூச்சுக்காற்றை ஊதினால் சுண்ணாம்பு நீர் பால் போலாகும் என்னும் பள்ளிச் சோதனையில் நிகழ்வதும் இதுவே. ஆடையாகப் படிந்தது கால்சியம் கார்பனேட்டு. அது பவளத்திற்குப் பயன்படாது. எனவே கலம் மூடியிருத்தல் வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்பும் வெள்ளையடிக்கும் சுண்ணாம்பும் அடிப்படையில் இதே பொருள்தான் என்றாலும், அவற்றில் உள்ள மாசுகளும் சேர்ப்புகளும் அறியப்படாதவை. அமெரிக்காவில் ஊறுகாய் போடுவதற்கு விற்கப்படும் உணவுத்தரச் சுண்ணாம்பைப் பலர் பயன்படுத்துகின்றனர். கரைசல் தயாரிக்கும்போது கண்ணையும் தோலையும் காத்துக்கொள்வது அவசியம்.

கால்சிய வினைகலம்

1990களில் ஜெர்மனியில் இருந்து பரவிய கருவி இது. மூடிய குழாய் ஒன்றில் உடைந்த பவள எலும்புக்கூட்டுத் துண்டுகளோ அரகோனைட்டு மணலோ நிரப்பப்படுகிறது. உருளையில் இருந்து கார்பன் டைஆக்சைடு செலுத்தி உள்ளிருக்கும் நீரின் பி.எச். 6.5 முதல் 6.7 வரை தாழ்த்தப்படுகிறது. அமில நீரில் துண்டுகள் கரைந்து, கால்சியமும் பைகார்பனேட்டும் நிறைந்த நீர் சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்கு வருகிறது. பவளம் கட்டும் வினை அப்படியே பின்னோக்கி ஓடுகிறது எனலாம். தேவை மிகுந்த பெரிய தொட்டிகளுக்கு இது ஏற்றது. குறை என்னவெனில், எஞ்சிய கார்பன் டைஆக்சைடு தொட்டிக்குள் வந்து பி.எச்.சைத் தாழ்த்தும். சுண்ணாம்பு நீர் உயர்த்தும், வினைகலம் தாழ்த்தும் என்பதால் சிலர் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகின்றனர்.

சிப்பி ஓடுகளையோ பவளத் துண்டுகளையோ தொட்டியிலேயே போட்டால் கால்சியம் கரையாதா என்னும் கேள்வி அடிக்கடி எழுவதுண்டு. கரையாது. தொட்டி நீர் ஏற்கெனவே மீதெவிட்டிய நிலையில் உள்ளது. கரைப்பதற்கு அமிலம் வேண்டும். ஆழமான மணற்படுகையின் அடியில் நுண்ணுயிர்களின் மூச்சால் பி.எச். தாழ்ந்து சிறிதளவு கரைவதுண்டு. பிரான்சின் நீசு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சான் சோபேர் வகுத்த மணற்படுகை முறை இதை ஓரளவு பயன்படுத்துகிறது. ஆயினும் வளர்ந்த அக்ரோபோராக்களின் தேவைக்கு அது ஈடாகாது.

இரு கரைசல் முறை

கால்சியத்தை ஒரு கரைசலாகவும் காரத்தை மற்றொன்றாகவும் தனித்தனியே சேர்ப்பது இம்முறை. இரண்டையும் ஒரே கலத்தில் கலந்தால் உடனே வீழ்படிவாகும் என்பதாலேயே இப்பிரிவு. ஜெர்மனியின் ஆன்சு வெர்னர் பாலிங் பெயரால் வழங்கும் பாலிங் முறையும், அமெரிக்க வேதியியலாளர் ராண்டி ஓம்சு பார்லி பரப்பிய வீட்டுத் தயாரிப்புகளும் இவ்வகையின.

கணக்குக்கு எளிதான ஒரு கலவை பின்வருமாறு அமையும். இரு மூலக்கூறு நீருடன் கூடிய கால்சியம் குளோரைடு 73.5 கிராமைக் கரைத்து ஒரு லிட்டராக்கினால், அதன் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் 20 மில்லிகிராம் கால்சியம் இருக்கும். சமையல் சோடா எனப்படும் சோடியம் பைகார்பனேட்டு 84 கிராமைக் கரைத்து ஒரு லிட்டராக்கினால், ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் ஒரு மில்லிச்சமானம் இருக்கும். இரண்டையும் சம அளவில் சேர்த்தால் பவளத்தின் விகிதம் தானே அமைந்துவிடும். எடுத்துக்காட்டுத் தொட்டிக்கு நாளொன்றுக்கு ஒவ்வொன்றிலும் 71 மில்லிலிட்டர் வேண்டும். ரொட்டி சுடும்போது சேர்க்கப்படும் பேக்கிங் பவுடர் வேறு பொருள். அதை இங்குப் பயன்படுத்தலாகாது.

சமையல் சோடாவை அடுப்பில் 150 பாகை செல்சியசுக்கு மேல் ஒரு மணி நேரம் சூடாக்கினால் அது சோடியம் கார்பனேட்டாகிவிடும். 84 கிராம் சோடா 53 கிராமாக எடை குறையும், காரத்தன்மை குறையாது. தொட்டியின் பி.எச். தாழ்ந்திருந்தால் சூடாக்கியதையும், உயர்ந்திருந்தால் சூடாக்காததையும் பயன்படுத்துவர்.

இம்முறையில் எஞ்சுவது சோடியம் குளோரைடு, அதாவது சாதாரண உப்பு. எடுத்துக்காட்டுத் தொட்டியில் நாளொன்றுக்கு 4 கிராமுக்குச் சற்று மேல், மாதத்திற்கு 125 கிராம் சேரும். இது மெல்ல உவர்ப்பியத்தை உயர்த்தி, மற்ற அயனிகளின் விகிதத்தைக் குலைக்கும். முறையான நீர் மாற்றம் இதைச் சரிசெய்யும். பாலிங் முறையில் சோடியம் குளோரைடு நீக்கிய கடலுப்பு மூன்றாவது கரைசலாகச் சேர்க்கப்படுவதும் இதற்காகவே.

சிறு இறைப்பிகள் மூலம் நாளின் பல வேளைகளில் சிறிது சிறிதாகச் சேர்த்தால் அளவுகள் அலையாமல் நிற்கும். இரு கரைசல்களுக்கும் இடையே நேர இடைவெளியோ இட இடைவெளியோ வேண்டும். குழாய்கள் நாளடைவில் தளர்ந்து இறைப்பியின் அளவு மாறுவதால், மாதத்திற்கு ஒரு முறையேனும் அளவுக்குவளை வைத்துச் சரிபார்த்தல் நன்று.

சமனிலைக் குலைவும் திருத்தமும்

மேற்கண்ட மூன்று முறைகளும் இரண்டையும் இணையாகச் சேர்ப்பவை. ஒன்று மட்டும் தாழ்ந்திருக்கும்போது இணையாகச் சேர்த்துக்கொண்டே இருந்தால் குறை அப்படியே நிற்கும். காரத்தன்மை 8, கால்சியம் 360 என்னும் 200 லிட்டர் தொட்டியில் கால்சியத்தை 400ஆக உயர்த்த 8 கிராம் கால்சியம், அதாவது மேற்கண்ட கரைசலில் 400 மில்லிலிட்டர், வேண்டும். இதைச் சில நாட்களில் பகிர்ந்து சேர்த்தபின் வழக்கமான இணை முறைக்குத் திரும்பலாம். காரத்தன்மை மட்டும் தாழ்ந்திருப்பின் சோடாக் கரைசலை மட்டும் சேர்க்க வேண்டும். நாளொன்றுக்கு ஒரு டிகேஎச்சுக்கு மேல் உயர்த்தாதிருப்பது நலம். திடீர் உயர்வில் அக்ரோபோராக் கிளைகளின் நுனித் திசு கருகி உரிவதுண்டு.

கால்சியமும் காரத்தன்மையும் ஒருங்கே உயர்ந்து எல்லை கடந்தால் நீர் முழுவதும் வெண்துகள்களாகப் பனிபோல் நிறையும். கால்சியம் குறைவு என்று சோதனை காட்ட, மேலும் சேர்க்க, மேலும் வீழ்படிவாக என்று இது சுழற்சியாகிவிடக்கூடும். அப்போது செய்ய வேண்டியது சேர்ப்பதை நிறுத்துவதே. அடுத்து மக்னீசியத்தைச் சோதிக்க வேண்டும். குறைந்திருப்பின் மக்னீசியம் குளோரைடையும் எப்சம் உப்பையும் கொண்டு உயர்த்தலாம். எல்லா அளவுகளும் சரியாக இருந்தும் காரத்தன்மை குறையாமல் அப்படியே நின்றால் அதை நற்செய்தியாகக் கொள்ளலாகாது. பவளங்கள் வளரவில்லை என்பதே அதன் பொருள். ஒளி, பாசுபேட்டு, வெப்பநிலை ஆகியவற்றை ஆராய வேண்டும்.

சட்டமும் தமிழர் கடற்கரையும்

கல் பவளங்கள் அனைத்தும் அழியும் நிலை உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் குறித்த உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் உள்ளன. இந்தியாவில் 2001இல் இவை 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. கடலில் இருந்து எடுப்பதும் விற்பதும் தண்டனைக்குரியவை. கடற்கரைக் கடைகளில் அலங்காரத்திற்கு விற்கப்பட்ட உலர்ந்த பவளத்திற்கும் இது பொருந்தும். எனவே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவிய இப்பொழுதுபோக்கு தமிழ்நாட்டில் கல் பவளங்களுடன் வேரூன்றவில்லை. வெளிநாடுகளில் தொட்டியிலேயே வெட்டி வளர்க்கப்பட்ட துண்டுகள் பெருமளவில் கைமாறுகின்றன. அத்துண்டு முறை நிலைத்ததற்குக் காரணம், கால்சியமும் காரத்தன்மையும் பேணும் நுட்பம் கைவந்ததே ஆகும்.

தமிழர் கடற்கரைகளில் பவளத்திற்கும் சுண்ணாம்பிற்கும் இருந்த உறவு இதற்கு நேர்மாறானது. மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகள் பல பத்தாண்டுகளாக வெட்டியெடுக்கப்பட்டுச் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்திற்காகவும் பயன்பட்டன. 1986இல் அங்குள்ள 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அவற்றுள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரு தீவுகள் நீரில் மூழ்கியதற்குப் பவளம் அகழ்ந்ததும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. இலங்கையின் தென்மேற்குக் கரையில் இக்கடுவைக்கு அருகிலும் முருகைக்கற்கள் சூளைகளில் எரிக்கப்பட்டுச் சுண்ணாம்பாக்கப்பட்டன. அங்கும் அவற்றை அகழ்வது கடற்கரைப் பாதுகாப்புச் சட்டத்தால் தடை செய்யப்பட்டுள்ளது.